முன்னே போனவர் சொல்

கேம்பர்வேனில் நெடும்பயணம் புறப்படுவோர்க்கு உதவும் கைப்பேசிச் செயலிகள் எவை என்று கேட்டால், பத்துப் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிடலாம். அத்தகைய பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், ஒரு செயலியை நம்பி வண்டியை எடுப்பவர் உண்மையில் எதை நம்புகிறார் என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை. அவர் நம்புவது, பெரும்பாலும், தமக்கு முன் அவ்வழியே போன முகமறியாத ஒருவரின் சொல்லை. அந்தச் சொல் நேர்மையாக இருக்கும்வரைதான் செயலிக்குப் பயன் உண்டு என்பதும், அதைப் பெற்றுக்கொண்டவர் தம் பங்குக்கு ஒரு சொல்லை விட்டுச்செல்லக் கடமைப்பட்டவர் என்பதும் நம் கட்சி.

இதைப் பொதுவாகப் பேசுவதினும் ஒரு சாலையை வைத்துப் பேசுவது நலம். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலிருந்து அடிலெய்டுக்குச் சாலைவழியே ஏறத்தாழ 2,700 கி.மீ. அதன் நடுவே, நார்ஸ்மனுக்கும் செடூனாவுக்கும் இடையில், சுமார் 1,200 கி.மீ. நீளத்துக்கு ஏர் நெடுஞ்சாலை நல்லர்பார் சமவெளியின் ஓரமாகச் செல்கிறது. 'மரம் ஏதுமற்றது' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களால் ஆன பெயர் அது. பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கி.மீ. தூரம் சாலையில் ஒரு வளைவுகூடக் கிடையாது. 1976ஆம் ஆண்டில்தான் இச்சாலை முழுவதும் தார் கண்டது. ஊர் என்று சொல்லத்தக்கவை அரிது. எரிபொருள், உணவு, படுக்கை மூன்றையும் தரும் ரோட்ஹவுஸ்களே இங்கு ஊர்கள். அவற்றுள் சில, ஒன்றுக்கொன்று 180, 190 கி.மீ. தொலைவில் உள்ளன. கேம்பர்வேன் பயணிகள் விரும்பித் தேடிவரும் சாலைகளுள் இதுவும் ஒன்று.

இச்சாலையில் ரோட்ஹவுஸைச் சுற்றிக் கிடைக்கும் சிக்னல் சிறிது தூரத்திலேயே அற்றுவிடும். ஆகவே இங்கு பயன்படும் செயலிக்கான முதல் தேர்வு எளியது: சிக்னல் இல்லாதபோது அது வேலை செய்யுமா? வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளாதவர்க்குக் கூகுள் மேப்ஸ் வெற்றுத்திரைதான். 2004இல் தொடங்கப்பட்ட ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்னும் கூட்டு முயற்சியின் தரவுகளைக் கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்றவற்றில் ஒரு மாநிலம் முழுவதையும் கைப்பேசிக்குள் சேமித்துக்கொள்ளலாம். அந்த வரைபடத்தின் கோடுகளைப் பெருமளவும் வரைந்தவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

இரவு தங்குவதற்கு இடம் தேடுவோர் பெரிதும் நாடுவது விக்கிகேம்ப்ஸ். கட்டண முகாம்கள், இலவச ஓய்விடங்கள், தண்ணீர்க் குழாய்கள், வண்டியின் கழிவுத்தொட்டியைக் காலி செய்யும் இடங்கள் என எல்லாவற்றையும் பயணிகளே சேர்க்கிறார்கள்; பயணிகளே கருத்தும் எழுதுகிறார்கள். இதையும் முன்னதாக இறக்கிக்கொண்டால் சிக்னலின்றிப் பயன்படுத்தலாம். முன்பதிவுச் செயலிகளோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். முன்பதிவுச் செயலி தனக்குத் தரகு தரும் இடங்களையே காட்டும். சாலையோர மரத்தடியில் காசின்றித் தங்கலாம் என்று சொல்வதில் அதற்கு ஆதாயம் ஏதுமில்லை. வழிப்போக்கரின் குறிப்புக்கு விற்க ஒன்றுமில்லாததே அதன் மதிப்பு.

அரசின் சொல்லையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆஸ்திரேலிய அரசு 2001 முதல் பொதுக்கழிப்பறைகளுக்கென்றே தேசிய வரைபடம் ஒன்றை நடத்தி வருகிறது. சக்கர நாற்காலியில் வருவோர் நுழைய முடியுமா என்பது வரை அதில் விவரம் உண்டு. நோயாளிகள், முதியோர், குழந்தைகளோடு செல்வோர் வெளியே நடமாடும் துணிவைப் பெறுவதற்காகச் சுகாதாரத் துறையின் செலவில் எழுந்த ஏற்பாடு இது. கூச்சத்துக்குரியதாக நாம் ஒதுக்கிவைத்த விஷயத்தை ஓர் அரசு வரைபடமாக்கி யாவர்க்கும் வழங்குவது நாகரிகத்தின் அடையாளம் என்றே கொள்வோம்.

எரிபொருள் விலையும் அப்படியே. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001இல் தொடங்கிய ஃபியூயல்வாட்ச் திட்டத்தின்படி, விற்பனையாளர் மறுநாள் விலையை முந்தைய நாள் பிற்பகல் 2 மணிக்குள் அரசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். காலை 6 மணிக்கு நடைமுறைக்கு வரும் அவ்விலையை 24 மணி நேரத்துக்கு மாற்றக்கூடாது. இதன் நம்பகத்துக்குக் காரணம் பின்னால் நிற்கும் சட்டமே. ஆனால் மாநிலத்தின் ஒவ்வொரு மூலையையும் அத்திட்டம் தழுவுவதில்லை. பாதி நிரம்பிய தொட்டியோடு மலிவு விலை தேடி அடுத்த ரோட்ஹவுஸுக்குப் போவதை இச்சாலையை அறிந்தவர்கள் சிக்கனம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆபத்துக்கு உதவுவதாக அங்கு எல்லோரும் பரிந்துரைப்பது எமர்ஜென்சி பிளஸ். நிற்குமிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் திரையில் காட்டி, 000 என்ற அவசர எண்ணை அழைக்க வழி செய்கிறது. எந்த ஊரும் அருகிலில்லாத சாலையில் 'எங்கே இருக்கிறீர்கள்' என்ற கேள்விக்கு அவ்விரண்டு எண்களே விடை. எனினும் அழைப்புக்கு ஏதேனும் ஒரு நிறுவனத்தின் அலைக்கோபுரம் வேண்டும். 2024 அக்டோபரோடு அந்நாட்டில் 3ஜி சேவை முடிவுக்கு வந்துவிட்டதால், சில பழைய கைப்பேசிகளில் 000 அழைப்பே போகாது. செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும் வசதி, அதற்குரிய ஐபோன்களுக்கு 2023 மே மாதம் அங்கு வந்தது. தகுந்த கைப்பேசியுள்ளோர் செயற்கைக்கோள் வழியே சாதாரணக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையும் 2025இல் தொடங்கியது. இவை எவையும் இல்லாதவர், செயலியை விட்டுவிட்டு, செயற்கைக்கோளுக்கு அபாயக்குறி அனுப்பும் கையடக்கக் கருவி ஒன்றை உடன் கொண்டுசெல்வதே அறிவுடைமை. அதை அரசிடம் பதிவு செய்வதற்குக் கட்டணமில்லை, மாதச்சந்தாவும் இல்லை.

இத்தனையும் இருந்தும் செயலி அறியாதவை பல. போய்ச்சேரும் நேரத்தை அது வேக வரம்பைக் கொண்டு கணக்கிடுகிறது. பாரம் ஏற்றிய கேம்பர்வேன் எதிர்க்காற்றில் அவ்வேகத்தில் போவதில்லை. இரண்டு மணி நேரம் பிந்தினால் அந்திப்பொழுதில் சாலையில் இருக்க நேரும். கங்காருக்கள் மேய்ச்சலுக்கு வெளிப்பட்டுச் சாலையைக் கடக்கும் பொழுதும் அதுவே. குறுக்குவழி என்று அது காட்டும் மண்சாலையில் வண்டியை இறக்கக்கூடாதென்று வாடகை ஒப்பந்தம் தடுத்திருக்கக்கூடும். செயலி ஒப்பந்தத்தைப் படித்ததில்லை.

கடிகாரத்தின் கதை இன்னும் வேடிக்கை. கைகுனாவுக்குக் கிழக்கேயிருந்து எல்லை வரையுள்ள சில குடியிருப்புகள், பெர்த் நேரத்தினும் 45 நிமிடம் முந்திய ஒரு நேரத்தைக் கடைப்பிடிக்கின்றன. அது சட்டத்தில் இல்லை; வழக்கில் மட்டும் உண்டு. கைப்பேசி அதைத் தானாகக் காட்டும் என்று நம்ப முடியாது. சமையலறை மூடும் நேரத்தை நம்பி வருபவர்க்கு 45 நிமிடம் என்பது ஒரு வேளைச் சோறு. அதுபோலவே, மேற்கு நோக்கிப் போகிறவர் எல்லைச் சாவடியிலும், கிழக்கு நோக்கிப் போகிறவர் செடூனாவிலும், தடைசெய்யப்பட்ட பழங்களையும் காய்கறிகளையும் ஒப்படைத்துவிட வேண்டும். மேற்கே போகிறவர்க்குத் தேனும் இதில் அடக்கம். மலிவென்று ஒரு வாரத்துக்கு வாங்கி அடுக்கியவை தொட்டிக்குள் போகும். இவற்றையெல்லாம் முன்கூட்டிச் சொல்லிக் காப்பாற்றுவது, எங்கோ ஒரு முகாமின் பக்கத்தில், 'இங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்' என்று யாரோ எழுதிவைத்த ஒற்றை வரி.

அந்த ஒற்றை வரியை எழுதுவதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்பதே நாம் சொல்ல வருவது. 'அருமையான இடம், ஐந்து நட்சத்திரம்' என்ற குறிப்பால் அடுத்தவர்க்கு ஒரு குடம் தண்ணீரும் கிடைக்காது. 'மழைநீர்த் தொட்டி காலி, மார்ச் முதல் வாரம்' என்ற குறிப்பு ஓர் உயிரைக் காக்கக்கூடும். தேதியும், கண்ணால் கண்டதும், அளவும் இருந்தால் போதும், உரிச்சொற்கள் வேண்டியதில்லை. இலக்கியத்தில் நாம் எதை நல்ல உரைநடை என்கிறோமோ அதற்கான இலக்கணம் இங்கும் பொருந்துவதில் வியப்பில்லை. அச்சாலையின் தெற்கே கடலை நோக்கி நிற்கும் சுண்ணாம்புக்கல் செங்குத்துப் பாறைகள் அலையால் அடியில் அரிக்கப்பட்டிருக்கின்றன. விளிம்பில் நிற்பவர்க்கு அது தெரியாது. 'விளிம்பில் வண்டியை நிறுத்தினோம், காட்சி அபாரம்' என்று எழுதுபவர் தம் அதிர்ஷ்டத்தைப் பிறர்க்கு வழிகாட்டியாக்குகிறார். நூறு வண்டிகளைத் தாங்காத ஓர் ஒதுக்கிடத்தின் இருப்பிடத்தை ஊரறியப் போடுவதும் அத்தகையதே. சில இடங்களை எழுதாமல் விடுவதும் நேர்மையின் பகுதி.

இச்சாலைக்குப் பெயர் தந்த எட்வர்ட் ஜான் ஏர், 1841 பிப்ரவரியில் ஃபௌலர்ஸ் விரிகுடாவிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். பெருவளைகுடாவின் தலைப்பகுதியில் அவர் தாகத்தால் மடியாமல் பிழைத்ததற்குக் காரணம், மணற்குன்றுகளிடையே தோண்டினால் நீர் கிடைக்குமிடத்தை அந்நிலத்தின் ஆதிக்குடியினர் காட்டிக்கொடுத்ததே. வழியில் அவருடைய துணைவர் பாக்ஸ்டர் கொல்லப்பட்டார். இறுதிவரை உடன் நடந்து, அவ்வாண்டு ஜூலையில் அவரோடு ஆல்பனியை அடைந்தவர் வைலி என்னும் ஆதிக்குடி இளைஞர். ஏர் தம் பயணக்குறிப்புகளை 1845இல் நூலாக வெளியிட்டார். நெடுஞ்சாலை அவர் பெயரைத் தாங்குகிறது. தண்ணீரைக் காட்டியவர்கள் ஒரு சொல்லைத் தந்தார்கள். அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது, நிலம் கைவிட்டுப் போன ஒரு நூற்றாண்டு.

கேம்பர்வேன் பயணியை அந்த வரலாற்றுக் குற்றத்தோடு நாம் சமன்படுத்தவில்லை. ஆனால் சொல்லைப் பெற்றுக்கொண்டு ஏதும் தராமல் போகும் வழக்கம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு அச்சாலையே சாட்சி. செயலியில் குறிப்பைப் படிப்போர் மிகப் பலர். எழுதுவோர் மிகச் சிலர். அச்சிலரும் சலித்து நிறுத்திவிட்டால் எஞ்சுவது விளம்பரமும் பழைய தேதிகளும்தான். ஆகவே, புறப்படுமுன் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள், தொட்டியை நிரப்புங்கள், இருட்டுமுன் நிறுத்துங்கள். மறுநாள் காலை கிளம்புமுன் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வருகிறதா இல்லையா என்பதைத் தேதியோடு இரண்டு வரி எழுதிவைத்து, சிக்னல் கிடைக்கும் ரோட்ஹவுஸில் மறவாமல் அதை அனுப்பிவிட்டுப் போங்கள். உங்களுக்குப் பின்னே 190 கி.மீ. தொலைவில் ஒருவர் அதற்காகக் காத்திருக்கக்கூடும்.