சுணைப்புழுவும் சூட்டிய பெயரும்

சேற்றிலும் மணலிலும் பவளப்பாறை இடுக்கிலும் கிடக்கும் ஒரு கடற்புழுவுக்குத் தமிழில் பெயர் எதற்கு என்று வினவுவார் உளர். பெயரறியாப் பொருள் கண்முன் கிடந்தும் காணாப் பொருளே என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்புழுவின் உடல் வளையம் வளையமாக அமைந்தது. வளையந்தோறும் இருபுறமும் துடுப்புப் போன்ற தசைமடல்கள். மடல்தோறும் கொத்துக் கொத்தாய்ச் சுணை. அதனைக் கண்டே செருமானிய அறிஞர் குரூபே 1850இல் 'பல மயிருடையது' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை இவ்வகுப்புக்கு இட்டார். அவர் கண்டு இட்ட பெயரைத் தமிழ்ப் பள்ளிநூலார் காணாமலே ஒலிபெயர்த்து, 'பாலிகீட்டா' என்று எழுதி வைத்தனர். கிரேக்கம் அறியாத சிற்றூர்ச் சிறுவனுக்கு அது வெற்றொலி. கம்பளிப்புழுவின் சுணையையும் பூனைக்காலிக் காயின் சுணையையும் தொட்டுத் துன்புற்றறிந்த அவனிடம் 'சுணைப்புழு' என்று சொன்னால் பாதி அறிவு அப்போதே வந்துவிடும். இவ்வினத்துள் நெருப்புப்புழு எனப்படுவதன் சுணை, தொட்டார் தோலில் ஒடிந்து தங்கி எரிச்சலூட்டும். மயிர் என்னும் சொல்லில் இக்கடுமை ஏது?

அறிவியற் பெயர் இலத்தீனாய் இருப்பதுதானே உலக வழக்கு என்பர் சிலர். இருசொற் பெயர் அவ்வாறே இருக்கட்டும். அதனை மாற்றுவார் எவருமிலர். ஆயின் அதன் நெறிமுறையையேனும் அவர் படித்ததுண்டா? எழுத்து இலத்தீனாக வேண்டும். சொல் எம்மொழியினதாகவும் இருக்கலாம் என்கின்றது விலங்குப் பெயரீட்டு அனைத்துலக நெறிமுறை. 1758இல் இலின்னேயசு இப்புழுக்களுக்குக் கிரேக்கக் கடலணங்குகளின் பெயரையும் காதல் தெய்வத்தின் பெயரையும் எடுத்துச் சூட்டினார். பசிபிக் பெருங்கடலின் சமோவா மக்களோ, அக்டோபர், நவம்பர்த் தேய்பிறையில் இனப்பெருக்கத்துக்காகக் கடல்மேல் திரண்டெழும் ஒரு சுணைப்புழுவை அள்ளி உண்பர்; 'பலோலோ' என்பர். 1847இல் இலண்டன் அருங்காட்சியகத்துச் சான் எட்வர்டு கிரே அச்சொல்லையே பேரினப் பெயராக்கினார். 'பலோலா' என அது இன்றும் நிலைத்துள்ளது. சமோவா மொழி பேசுவோர் சில நூறாயிரவரே!

பெயரைக் கண்மூடிப் பின்பற்றுவதால் அறிவியலுக்கே வரும் கேட்டுக்கும் சான்று உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்த ஒரு புழுவுக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'குருதி நிறத்தது' என்னும் பொருளில் 'சாங்குவினியா' என்று பெயரிட்டனர். பின்னர், ஆத்திரேலியா முதல் இந்தியா வரை அதனை ஒத்த புழு எங்குக் கிடைத்தாலும் அப்பெயரே ஒட்டப்பட்டது. 2003இல் இங்கிலாந்துப் புழுவை மீண்டும் நுணுகி நோக்கி வரையறுத்த பின்னரே, அவ்வொரு பெயரின் கீழ்ப் பல்வேறு சிற்றினங்கள் மறைந்து கிடந்தமை ஒவ்வொன்றாக வெளிப்படலாயிற்று.

வகைப்பாட்டிலும் இதே நிலைதான். 'அலைவன', 'அமர்ந்திருப்பன' என 19ஆம் நூற்றாண்டில் வகுத்த இருபிரிவை 1997இல் கைவிட்டனர். 2011இல் மரபணுச் சான்றால் புதுவடிவில் மீட்டனர். மண்புழுவும் அட்டையும் தனி வகுப்பென்று பயின்றது போய், அமர்ந்திருப்பனவற்றின் கிளைகளே அவை எனத் தெளிந்தனர். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றருகே வாயின்றி வாழும் குழாய்ப்புழுக்களைத் தனித்தொகுதி என்றிருந்தவர்கள், பின்னர்ச் சுணைப்புழுக்களுள் ஒரு குடியாகவே அடக்கினர். தாம் இட்ட பெயரையும் பிரிவையும் திருத்த அவர்கள் நாணவில்லை. ஒலிபெயர்ப்பைத் திருத்தத்தான் இங்கே அத்துணை அச்சம்!

2020இல் கீழைக் கடற்கரைப் புழு ஒன்று புதுச் சிற்றினமென அறியப்பட்டது. அதற்கிட்ட பெயர் 'மதராசி'. நகரத்தின் பெயர் சென்னை என மீட்கப்பட்டு அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. முந்தி இட்ட பெயருக்கே முதன்மை என்பது நெறியாதலின் அது இனி மாறாது. ஆயினும் இறால் பொரிப்பகங்களுக்கு இரையாகச் சேற்றைக் கிளறி இத்தகைய புழுக்களை எடுத்துத் தரும் கரையோர மக்கள் அவற்றை எவ்வெப்பெயரால் வேறுபடுத்துகின்றனர் என்று கேட்டெழுதும் வேலை எஞ்சியுள்ளது. தமிழறிந்த விலங்கியலார்தாம் அதற்கு உரியோர்.