சீட்டை வேஸ்ட் பண்றது யாருங்க?

போன மாசம் ஒரு ரிசப்ஷன் பந்தி. பக்கத்து இலையில ஒரு பெரியவர். பேச்சு மெடிக்கல் சீட்டு பக்கம் போச்சு. "பொண்ணுங்களுக்கு பிஜி சீட்டு கொடுக்கிறதே வேஸ்ட் தம்பி. கல்யாணம், குழந்தைன்னு வீட்டுல உக்காந்துடுவாங்க" என்றார்.

எதிர் வரிசையில என் அத்தை பொண்ணு. சர்ஜரி பிஜி, ரெண்டாவது வருஷம். முந்தின நாள் காலையில டூட்டிக்குப் போனவ, அன்னிக்கு சாயங்காலம்தான் வந்திருந்தா. சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கண்ணு சொக்குது. அவளுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. அதனால நான் சொல்றேன்.

முதல்ல இந்த 36 மணி நேரக் கூத்து எங்கேர்ந்து வந்தது? 1889-ல் அமெரிக்காவில் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் உருவாக்கிய பயிற்சி முறை. ரெசிடென்ட் என்றால் ஆஸ்பத்திரியிலேயே குடியிருப்பவர்னு அர்த்தம். கல்யாணம் ஆகாத இளைஞர்களை மனசுல வச்சுப் போட்ட திட்டம். ஹால்ஸ்டெட்டே கொக்கைன் ஆராய்ச்சியில அதுக்கு அடிமையானவர். அந்தச் சட்டையைத்தான் இன்னிக்கு எல்லாருக்கும் மாட்டிவிட்டு, "உனக்குப் பத்தலையா? அப்ப உன் உடம்புலதான் கோளாறு"ங்கிறோம்.

சட்டம் இல்லையான்னா, இருக்கு சாமி. 1992-லேயே மத்திய அரசு ரெசிடென்ட் டாக்டர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு வரம்பு சொல்லியாச்சு. காகிதத்துல. 2023-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் பிஜி விதிகளில் "நியாயமான வேலை நேரம்"னு இருக்கு. எத்தனை மணி நேரம் நியாயம்? எண்ணே போடலை! 1961 மோட்டார் தொழிலாளர் சட்டம் டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னு அப்பவே தெளிவா எண் போட்டுச் சொல்லுச்சு. வயித்தைக் கிழிக்கிற கைக்குத் தூக்கம் வேண்டாமாக்கும்.

ஆம்பளை டாக்டர்களும்தான் நொந்து போறாங்க, மறுக்கலை. ஆனா அவன் வீட்டுக்குப் போனா சோறு ரெடியா இருக்கு. அவளுக்கு அங்கே அடுத்த டூட்டி ஆரம்பம். அவ பிரசவ லீவு எடுத்தா படிப்பு தள்ளிப்போகும், பரீட்சை தள்ளிப்போகும். மாத்து ஆள் போடாததால அவ டூட்டியும் கூடப் படிக்கிறவங்க தலையில விழும். கோபம் நிர்வாகத்து மேல வருமா? வராது. வயித்துல பிள்ளையோட நிக்கிறவ மேல வரும்.

2024 ஆகஸ்ட் 9, கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி. நீண்ட டூட்டிக்கு நடுவில் செமினார் ஹாலில் ஓய்வெடுக்கப் போன பயிற்சி டாக்டர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். அதுக்கு மேற்கு வங்க அரசு சொன்ன தீர்வுகள்ல ஒண்ணு, முடிஞ்சவரை பெண்களுக்கு நைட் டூட்டி போடாதீங்க! பாதுகாப்பு கொடுப்பது உங்க கடமை, ராத்திரி வேலை செய்யாதேன்னு சொல்ல முடியாதுன்னு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிச்சது. ராத்திரி வர்ற எமர்ஜென்சி ஆபரேஷன் பார்க்காம யாருங்க சர்ஜனாக முடியும்? கதவைச் சாத்திட்டு, உள்ளே ஏன் பொண்ணுங்களே இல்லைன்னு கேக்கிறது என்ன நியாயம்?

"நோயாளிக் கூட்டம் அதிகம், அடிக்கடி ஆள் மாறினா சிகிச்சை கெடும்"பாங்க. கைமாத்தும்போது தப்பு நடக்கலாம், உண்மைதான். அதைச் சரியா எழுதிக் கைமாத்தப் பழகணும், ஆளைக் கூட்டணும். ஐரோப்பிய யூனியன் விதி 2009-லேயே ஜூனியர் டாக்டர்களுக்கும் சராசரி வாரம் 48 மணி நேரம்னு கொண்டுவந்துடுச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு சர்வர் ராத்திரி படுத்துக்காம இருக்கவே முறை வச்சு ஆள் போடறோம். கண்ணு முழிச்சவன் மறுநாள் லேட்டா வரலாம். போனா ஒரு வெப்சைட்டுதான் போகும், அதுக்கே இவ்வளவு.

பெரியவரே, வேலை செய்ய ஆசையா வர்றவளைத் துரத்தி அடிக்கிற ரோஸ்டர்தான் சீட்டை வேஸ்ட் பண்ணுது. ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலின்னு கேஷுவால்டிக்குப் போனா, ஈசிஜி பார்க்கிறது ஆணா பெண்ணான்னு கேக்க மாட்டீங்க. கடைசியா எப்பத் தூங்கினாங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.