திருக்கோகர்ணம் முதல் ராஜ வீதி வரை

1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. சக்கரவர்த்திகளின் தலையுருவம் பொறித்த அக்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் முகத்தில் உளியால் வெட்டிய தழும்பு குறுக்கே ஓடியது. மறுபடியும் நாணயமாகச் செலாவணியில் புகாதிருக்கவே அவ்வாறு வெட்டினர் என்பது அறிஞர் சிலரின் அபிப்பிராயம். அவற்றை வைத்துப் பேண அன்று ஊரில் ஒரு காட்சிச்சாலை இல்லை. அவற்றுள் பல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சென்றடைந்தன. சமஸ்தானம் தனக்கென ஒரு மியூசியத்தை நிறுவியது 1910ஆம் ஆண்டில்தான்.

திருக்கோகர்ணத்தில் இன்றும் இயங்கிவரும் அந்த மியூசியத்தையும், அதன் அருகேயுள்ள குடைவரைக் கோயிலையும், பழைய அரண்மனையையும் ராஜ வீதிகளையும் குளங்களையும் சேர்த்து ஒரே சரித்திர அருங்காட்சியக வட்டாரமாக அரசு முறைப்படி அறிவிக்க வேண்டும் என்பதே இவ்விதழின் கோரிக்கை. 2024இல் புதுக்கோட்டை மாநகராட்சியாக உயர்ந்தது. ஊர் பெருகும் காலத்தில்தான் பழைய சுவர்கள் முதலில் இடிபடுகின்றன என்பதால், இது காலம் கடத்தத்தக்க காரியம் அன்று.

இந்நகரில் காட்சிப் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் இல்லை. அம்மன் காசு என்னும் சிறு செப்புக்காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்னும் சொல். தொண்டைமான் மன்னர்கள் நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இக்காசைக் குடிகளுக்கு வழங்கினார்கள். காசில் உள்ள அந்த அம்மன் அரைக்காசு அம்மன் என்ற பெயரோடு மியூசியம் இருக்கும் அதே திருக்கோகர்ணத்தில் இன்றும் பூஜை கொண்டு வீற்றிருக்கிறாள். பழைய அரண்மனையைச் சார்ந்த தட்சிணாமூர்த்தி சந்நிதியிலோ, 1738இல் சதாசிவப் பிரம்மேந்திரர் விஜயரகுநாதத் தொண்டைமானுக்கு உபதேசம் எழுதிக் காட்டிய மணல் என்று வழிவழியாகச் சொல்லப்படும் மணல் போற்றி வைக்கப்பட்டிருக்கிறது. பொருளும் அது பிறந்த இடமும் அதை வழிபடும் மக்களும் ஒருங்கே நிற்கும் இந்தப் பாக்கியம் பெருநகர மியூசியங்கள் பலவற்றுக்கு வாய்க்காதது.

தெருக்களையும் அவ்வாறே கருத வேண்டும். 1878இல் நிர்வாகப் பொறுப்பேற்ற திவான் சேஷய்யா சாஸ்திரியார் குளங்களைச் சீர்திருத்தி, வீதிகளை நேர்கோட்டில் வகுத்து, இந்நகரத்துக்கு ஒரு கிரமத்தை அளித்தார். கீழ இரண்டாம் வீதி, வடக்கு நான்காம் வீதி என்று எண்ணிட்டே வழி சொல்லக்கூடிய ஊர் தமிழ்நாட்டில் அபூர்வம். பல்லவன் குளத்துக்கு நீர் வரும் பாதை அடைபட்டுப் போனால், அந்த நகரமைப்பின் ஜீவனே போய்விட்டதென்று கொள்ளலாம். குளத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் காப்பாற்றுவது என்னைப் பொறுத்தவரை பாதுகாப்பே ஆகாது.

சட்டம் ஏற்கனவே இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய அரசின் பாதுகாப்புப் பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உள்ளன. சின்னமென்று பட்டியலில் ஏறாத ஒரு வீதிக்கோ குளக்கரைக்கோ அச்சட்டம் துணைவராது. 2012இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும், நகருக்கு வகுக்கப்படும் முழுமைத் திட்டமும் இந்த இடைவெளியை நிரப்பத்தக்க கருவிகள்.

ஆனால் பெயர்ப்பலகை நட்டு, விளக்கு வரிசை போட்டு, திறப்பு விழாவோடு முடிந்துவிடும் அறிவிப்பு நமக்கு வேண்டியதில்லை. திண்ணையும் தாழ்வாரமும் உள்ள வீட்டில் வசிப்பவரை, ‘ஓடு மாற்றாதே, சுவர் இடிக்காதே’ என்று தடுப்பதோடு நில்லாமல், ஓடு மாற்றவும் சுண்ணாம்புச் சுவரைப் பழுது பார்க்கவும் பொருளுதவி செய்வதே நியாயமான ஏற்பாடு. கடைக்காரரையும் குடியிருப்பவரையும் அப்புறப்படுத்திவிட்டுப் பயணிகளுக்காக அலங்கரித்த வீதி, வீதியே அன்று. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட ஒரு தம்பதியர், அரசு சொல்லியா திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகத்தை உருவாக்கினார்கள்? முதற்பதிப்புகளும் அருமையான பழம் இதழ்களும் தேடி ஆராய்ச்சியாளர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து சேரும் அந்த இல்லத்துக்கும் இவ்வட்டாரத்தில் உரிய ஸ்தானம் வேண்டும். சிற்றிதழ் நடத்துகிற நாங்கள் அதை வற்புறுத்தாவிட்டால் வேறு யார் வற்புறுத்துவார்கள்?

நகரையடுத்த பொற்பனைக்கோட்டையில் 2023இல் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அங்கே வெளிப்படும் பொருள்கள் இம்மாவட்டத்திலேயே நிலைத்திருக்க வேண்டும். அவற்றுக்கான கூடம் திருக்கோகர்ணத்தில் எழ வேண்டும். சமஸ்தானம் 1929இலேயே தன் எல்லைக்குட்பட்ட 1,130 கல்வெட்டுகளின் பாடங்களை நூலாக வெளியிட்ட ஊர் இது. அந்தச் சிரத்தையில் ஒரு பங்கையேனும் இன்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

மாநகராட்சி மன்றம் இவ்வட்டாரத்தின் எல்லையை வரையறுத்து, தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும். புதுக்கோட்டை வாசகர்கள் தத்தம் வார்டு உறுப்பினரைக் கண்டு இதை நேரில் கேட்டுக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.