வீட்டுப் பூனையைச் சேர்வராயன் மலையில் விடலாமா? எங்கள் நிலைப்பாடு

"இங்கே இடம் தாராளமா இருக்கு, சுதந்திரமாத் திரியட்டுமே!" சேலத்திலும் சென்னையிலும் அடுக்குமாடி வீட்டில் வளர்த்த பூனையோடு சேர்வராயன் மலையிலுள்ள கரடியூருக்கு வருபவர்கள் சொல்வது இது. கரடியூரிலும் சுற்றியுள்ள காபித் தோட்டங்களிலும் விலங்கு நலப் பணி செய்யும் எங்கள் குழுவால் இதை ஏற்க முடியாது. நான்கு சுவருக்குள் வளர்ந்து பெரிதான பூனையை இந்த மலையில் வெளியே விடக்கூடாது. பாரசீகப் பூனை என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை.

வேட்டை பூனைக்குப் பிறவிக் குணம்தான். ஆனால், எலியைத் துரத்தத் தெரிந்த பூனைக்கு நாய்க்கூட்டத்திடமிருந்து தப்பத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அது குட்டியிலிருந்தே வெளியில் திரிந்து கற்பது. வீட்டுப் பூனை பயந்துபோய் மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரத்தில் சரசரவென்று ஏறிவிடும்; இறங்கத் தெரியாது. அதன் நகங்கள் ஏறுவதற்குத் தோதாக வளைந்தவை. பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். பழகாத பூனை உச்சியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும்.

பாரசீகப் பூனையின் பாடு இன்னும் மோசம். நாயுருவி விதைகள் அதன் நீண்ட முடியில் ஒட்டினால் விடாது. சீவிவிட ஆளில்லாமல் முடி சடைபிடித்துத் தோலை இழுக்கும். அடியில் புண்ணாகும், உண்ணி சேரும். அதோடு, எலி மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்றால் எந்தப் பூனைக்கும் ஆபத்துதான்.

மலைக்கும் இதில் நஷ்டம் உண்டு. இந்த மலையிலுள்ள ஏற்காட்டின் பெயரைச் சுமக்கும் சிறிய பாறைப் பல்லி ஒன்றை 2000ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகம் தனி இனமாக அறிந்தது. பூனைக்கு அதுவும் ஒரு வாய் இரைதான். கருத்தடை செய்யாத வீட்டுப் பூனை, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் காக்கும் காட்டுப்பூனையோடு கூடிக் கலப்பினக் குட்டிகளும் பிறக்கலாம். வெளியே விடக்கூடாது என்பது எங்கள் பிடிவாதம் மட்டுமல்ல: ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை உரிமையாளரின் வளாகத்துக்குள்தான் வளர்க்க வேண்டும் என்பது விதி.

வெயிலும் காற்றும் பூனைக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வராந்தாவுக்குக் கம்பி வலை அடியுங்கள். பெரும்பாலான பூனைகளுக்கு அதுவே போதும். இளம்பூனையை வெளியே போகப் பழக்கியே தீருவது என்றால் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி இரண்டும் முதலில் முடிய வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து, பசி நேரத்தில் கூடவே நின்று சிறிது நேரம் விட்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு உள்ளே அழையுங்கள். பொழுது சாய்ந்தபின் வெளியே வேண்டாம். இதையெல்லாம் செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர, நீங்காது.

விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போவதோ வேறு சங்கதி. பட்டினியால் துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு வேளைப் பூனைத்தீனிக்கே சரியாகிவிடும் தொகை! இதை உயர்த்த வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை.

எஸ்டேட் மேலாளர்களுக்கும் ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "எலிக்கு ஆகும், வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது பூனையை நீட்டினால் வாங்காதீர்கள். கொண்டுவந்தவரிடமே கொடுத்தனுப்புங்கள்.