வீடு தருவார்களாம், மனை எங்கே?

தேர்தல் என்றதும் தஞ்சைத் தரணியிலே தெருவுக்குத் தெரு தோரணம் தொங்கும். தோரணத்தின் கீழே வாக்குறுதி தொங்கும். குடிசைகளை ஒழித்தே தீருவோம் என்று முழங்குவார் ஒருவர். எத்தனை வீடு கட்டினோம் தெரியுமா என்று எண்ணிக் காட்டுவார் இன்னொருவர். எண்ணட்டும், தோழர்களே! வீடு வேண்டாமென்று கூறுவோன் வெண்ணாற்றங்கரையிலே ஒருவனும் இல்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த வீட்டை எந்த மண்ணிலே கட்டப்போகிறீர்கள்?

பண்ணையாள் காலத்துக் கதையை மறந்தோர்க்கு நினைவூட்டுவோம். நிலம் மிராசுதாருடையது, நிலத்தின் ஓரத்திலே குடிசை, குடிசைக்குள்ளே பண்ணையாள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டால் வயலிலிருந்து மட்டுமல்ல, குடிசையிலிருந்தும் வெளியேற வேண்டும். சவுக்கடியையும் சாணிப்பாலையும்விடக் கொடிய ஆயுதமாக இருந்தது அந்த அடிமனை! 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல், குடியிருப்பிலிருந்து வெளியேற்றாதே என்று ஒரு சட்டம் வந்தது. சட்டங்கள் ஏட்டிலே உறங்க, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியிலே, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, ஒரே குடிசைக்குள்ளே 44 உயிர்கள் தீக்கிரையாயின. பெரும்பாலோர் பெண்கள், பிள்ளைகள். அதற்குப் பிறகே, 1971-ல், குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே உரியது என்ற சட்டம் பிறந்தது. பாராட்டத்தக்க சட்டம்தான். ஆனால் அன்று மனையிலே இருந்தவர்க்கு அது வழி செய்தது; அவருடைய மகனுக்கு? பேரனுக்கு? மூன்று தலைமுறை ஒரே குடிசையிலே முடங்க முடியாமல், வாய்க்கால் கரைக்கும் கோயில் மனைக்கும் புறம்போக்குக்கும் போனவர்களே இன்று மனுவோடு நிற்கிறார்கள்.

நாடகம் எழுதிப் பழகிய கை. காட்சியொன்றைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. இடம்: ஊராட்சி ஒன்றிய அலுவலகம். பாத்திரங்கள்: எழுத்தர், முதியவர்.

“ஐயா, வீடு கேட்டு வந்தேன்.”

“பட்டா கொண்டுவந்தீரா, பெரியவரே?”

“நான் இருப்பது வாய்க்கால் புறம்போக்கு, ஐயா.”

“அப்படியானால் வீடு கிடையாது. தாலுகா அலுவலகம் சென்று பட்டா வாங்கி வாரும்.”

தாலுகா அலுவலகத்திலே?

“நீர்நிலைக்குப் பட்டாவா! முதலில் குடிசையை அகற்றும்!”

வீடு கேட்கப் போனவர் நோட்டீசோடு திரும்புகிறார். திரை விழுகிறது.

எழுத்தர்மீது நமக்குக் கோபமில்லை. அவர் விதியைப் படித்தார். 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலே வீட்டுக்கு 3½ லட்சம் ரூபாய், 360 சதுர அடி; ஆறு ஆண்டுகளில் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. நல்ல தொகை, நல்ல இலக்கு. ஆனால் பட்டா வேண்டும்! 2016-ல் வந்த பிரதமர் வீட்டுத் திட்டமோ, மனையற்றவனுக்கு மாநில அரசு மனை தரவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுக் கைகழுவிக்கொள்கிறது. (அது தரும் 1,20,000 ரூபாயிலும் நூற்றுக்கு 40 மாநிலத்தின் பணம், பெயர் மட்டும் முழுக்க டில்லிக்கு!) டில்லி மாநிலத்தைக் காட்டுகிறது, மாநிலம் தாலுகாவைக் காட்டுகிறது, தாலுகா வாய்க்காலைக் காட்டுகிறது.

வாய்க்கால் அடைபடலாகாது, ஒப்புகிறோம். வடிகால் அடைபட்டால் முதலில் மூழ்குவது அந்தக் குடிசைதானே! அகற்றுங்கள், மாற்று மனை தந்து அகற்றுங்கள் என்கிறோம். அதற்குச் சட்டம் வளையாதாம்! நஞ்சையிலே அனுமதியின்றிக் கல் நட்டு, கொடி கட்டி, ‘நகர்’ என்று பெயர் சூட்டி விற்றார்களே, அங்கே வளையவில்லையா? 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனையாயின், கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்தலாம் என்று 2017-ல் விதி வகுத்தார்களே! வாங்கியவர் தவிக்கக்கூடாது என்றனர். சரி. அந்த இரக்கம் ஓலைக்கீற்றுக்குள் நுழைய மறுப்பது ஏன்?

மாவட்ட ஊராட்சியால் என்ன ஆகும் என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையைப் புரட்டட்டும். ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களிலே பத்தாவது, ஊரக வீட்டுவசதி. மாவட்டத் திட்டக் குழுவிலே ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் மாவட்ட ஊராட்சியிலிருந்தும் நகராட்சிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்கள். எந்த ஊரில் எத்தனை குடும்பத்துக்கு மனையில்லை, எந்தத் திடலைக் கையகப்படுத்தலாம் என்று திட்டம் தீட்ட அவர்களுக்கு வாயில் திறந்தே இருக்கிறது. ஆனால் அவர்களை இருக்க விட்டால்தானே! 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தல், நீதிமன்றத்தில் ரத்தாகி, 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதில் வென்றோரின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது தேர்தல் வரவில்லை. தனி அலுவலர் வந்தார். குடிசைக்காரன் அவரிடம் வாக்குச்சீட்டையா காட்டுவான்?

ஆகவே, வாக்குக் கேட்டு வருவோரை, நம் வேட்பாளரே ஆயினும், திண்ணையிலே உட்கார வைத்துக் கேளுங்கள். உமது வார்டிலே மனையற்ற குடும்பம் எத்தனை? வெள்ளம் ஏறாத மேட்டு நிலம் எந்தப் புல எண்ணிலே இருக்கிறது? குடும்பத்துக்கு 3 சென்ட் என்று கணக்கிட்டீரா? அந்தப் பட்டியலைத் திட்டக் குழுவிலே எந்த மாதம் வைப்பீர்? பட்டியல் இல்லாமல் வந்தவருக்கு மோர் கொடுங்கள், தோழர்களே, வாக்கைக் கொடுத்துவிடாதீர்கள்.