பார்க்காமலே "பேட்டரி போச்சு" என்பவர்களுக்கும், அதை நம்பிக் காசு கொடுப்பவர்களுக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பைக் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் முதல் பதில், "பேட்டரி போச்சு சார்". மாற்றியும் சரியாகவில்லையா, "செல்ஃப் மோட்டார் போச்சு". அதற்கும் தயங்கினால், "வண்டிக்கு வயசாயிடுச்சு, எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடுங்க". இந்த மூன்றையும் சொல்ல ஒரு கருவியைக்கூடக் கையில் எடுக்க வேண்டியதில்லை, கவனித்தீர்களா?

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவர் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறார். 15 வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. முழங்கால் வலி, கிக்கரை உதைக்க முடியாது. செல்ஃப் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. புது பேட்டரி போட்டாயிற்று. பிறகு மோட்டாரையும் மாற்றச் சொன்னார்களாம். வீட்டில் புது வண்டிக்குக் கடன் வாங்கும் பேச்சு தொடங்கிவிட்டது. அதற்குள் என்னிடம் வந்தார்.

அவர் மகன் கிக்கரை உதைத்தான். ஒரே உதையில் ஸ்டார்ட். அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது, பிளக்கில் தீப்பொறி வருகிறது. கோளாறு செல்ஃப் பாதையில் மட்டும்தான். பட்டனை அழுத்தினால் "டக்" என்று ரிலே சத்தம், மோட்டார் ஒரு முனகல் முனகி நின்றுவிடும். பியூஸ், பட்டன், கிளட்ச் சுவிட்ச் எல்லாம் இந்த ஒரு "டக்"கிலேயே தப்பித்துவிட்டன. பாதி வேலை முடிந்தது, ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல்.

"ஹாரன் நல்லா அடிக்குதே சார், அப்போ கனெக்‌ஷன் சரிதானே?" என்றார். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஹாரன் இழுப்பது 2, 3 ஆம்பியர். செல்ஃப் மோட்டார் இழுப்பது பல பத்து ஆம்பியர். துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.05 ஓம் மின்தடை என்று வையுங்கள். 3 ஆம்பியரில் அங்கே இழப்பது 0.15 வோல்ட், ஹாரனுக்குத் தெரியவே தெரியாது. 60 ஆம்பியரில் 3 வோல்ட்! 12 வோல்ட்டில் கால் பங்கு வழியிலேயே போய்விடுகிறது. ஓம் விதியைப் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி முனையில் 12.6 வோல்ட். செல்ஃப் அழுத்தும்போது 11. நல்ல பேட்டரி. (9.5-க்கும் கீழே விழுந்திருந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.) பிறகு ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை இன்ஜின் உடம்பில் பளபளப்பான இடத்திலும் வைத்து அழுத்தச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 3 வோல்ட் காட்டியது. எர்த் கம்பி போல்ட்டுக்கு அடியில் பச்சையும் பழுப்புமாகத் துரு. சாவியை அணைத்து, நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றிவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம். செல்ஃப் பிடித்துக்கொண்டது. செலவு, உப்புத்தாள்.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டுவதாக நினைக்காதீர்கள். ஒருவர் அரை மணி நேரம் மெனக்கெட்டு அந்தத் துருவைக் கண்டுபிடித்து, "இருநூறு ரூபாய் கொடுங்க" என்றால், "ஒரு போல்ட்டைத் தேய்ச்சதுக்கு இருநூறா?" என்று சண்டைக்குப் போவது யார்? நாம்தான். அதே ஆள் பேட்டரியை மாற்றினால் ஆயிரக்கணக்கில் வாய் திறக்காமல் கொடுக்கிறோம். பொருளுக்குத்தான் காசு, மூளைக்கு இல்லை என்று நாம் சொல்லிவிட்ட பிறகு அவர் ஏன் மூளையைச் செலவழிக்க வேண்டும்? சோதித்துப் பார்ப்பதற்குத் தனியாகக் கூலி பேசுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். "அளந்து பார்த்தீங்களா, எவ்வளவு காட்டுச்சு?" என்று கேளுங்கள்.

மல்டிமீட்டர் நானூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் எட்டாம் வகுப்பு முழுக்க விளையாடுவான்.

கமெண்டில் "சார், என் வண்டியும் ஸ்டார்ட் ஆகல, என்ன பண்ணலாம்?" என்று மட்டும் எழுதாதீர்கள். செல்ஃப் அழுத்துவதற்கு முன் எத்தனை வோல்ட், அழுத்தும்போது எத்தனை வோல்ட், "டக்" கேட்கிறதா இல்லையா, இந்த மூன்றையும் எழுதுங்கள். பிறகு பேசலாம்.