பின்னணிப் படம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அழைப்பிதழோ வாழ்த்து அட்டையோ தயாரிக்க உட்கார்ந்தால், முதல் வேலையாக இன்டர்நெட்டில் படம் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா அழைப்பிதழுக்கு ஒரு வயல் படத்தை டவுன்லோட் செய்தேன். மானிட்டரில் பளிச்சென்று இருந்தது. அச்சாகி வந்தபோதோ கட்டம் கட்டமாகத் தெரிந்தது. காரணம் எளிது. தெளிவான அச்சுக்கு அங்குலத்திற்கு 300 பிக்ஸல் வேண்டும். 7க்கு 5 அங்குல அட்டை என்றால் 2100 x 1500 பிக்ஸல். என் படம் வெறும் 640 x 480. இரண்டு அங்குல அகலத்திற்குத்தான் அது தாங்கும். மேலும், அது யாரோ எடுத்த படம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படமும் ஒரு கலைப்படைப்புதான்.

மறுநாள் காலை மொபைல் போனுடன் எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போனேன். 12 மெகாபிக்ஸல் கேமராவில் 4000 x 3000 அளவில் படம் கிடைத்தது. ஓர் ஓரத்தில் கரையோரப் புளியமரம்; மீதியெல்லாம் தண்ணீரும் வானமும்.

"எனக்குப் போட்டோ எடுக்க வராதே" என்கிறீர்களா? விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்மேட்டை நினைத்துப் பாருங்கள். சார்லஸ் ஓ'ரியர் 1996ல் கலிபோர்னியாவில் எடுத்த உண்மையான புகைப்படம் அது. அவர் தொழில்முறைக் கலைஞர்தான். ஆனால் படத்தில் இருப்பது புல்லும் வானமும் மட்டுமே. அதனால்தான் அதன்மேல் ஐகான்கள் தெளிவாகத் தெரிந்தன. பின்னணிக்கு அழகைவிட வெற்றிடமே முக்கியம்.

எனவே காலை அல்லது மாலை வெயிலில், எழுத்துக்கு இடம்விட்டு எடுங்கள். ஒரிஜினல் பைலைத் தொடாமல் காப்பி எடுத்து, அதில் மட்டும் மாற்றங்கள் செய்யுங்கள். வேர்டில் படத்தைச் செருகி "பிஹைண்ட் டெக்ஸ்ட்" கொடுத்து, கலர் பகுதியில் "வாஷ்அவுட்" தேர்ந்தெடுத்தால் படம் வெளிறி எழுத்து எடுப்பாகத் தெரியும். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் பிக்ஸல் குறைந்துவிடும்.

அழைப்பிதழைப் பார்த்த அம்மா, "நம்ம கண்மாய்க்கரைப் புளியமரம்தானே?" என்றார். வீடு வீடாக அதே கேள்வி. மறு வருடம் சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். இன்று அது அந்த அழைப்பிதழில் மட்டும்தான் நிற்கிறது. டவுன்லோட் செய்த எந்த வயலும் எனக்கு இதைத் தந்திருக்காது.